கடிதம் நம்முடையது, பிரதியும் நம்மிடம் இருக்கட்டும்

"இமெயில் எல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள், வாட்ஸ்அப் போதாதா?" என்று என் வயதுக்காரர்கள் பலர் கேட்கிறார்கள். பேங்க் ஸ்டேட்மெண்ட்டும் விளம்பரமும் வந்து விழும் இடம் என்று அதை ஒதுக்கியும் விட்டார்கள். எனக்கு இதில் மாறுபட்ட கருத்து உண்டு. வாட்ஸ்அப் செய்தியை அந்த நிறுவனம் தரும் செயலியில்தான் பார்க்க முடியும். இமெயில் அப்படியில்லை. கடிதத்தைப் போய் எடுத்து வரும் விதிமுறை ஊரறிய எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் படித்து யார் வேண்டுமானாலும் ஒரு புரோகிராம் எழுதிக் கொள்ளலாம். இந்த உரிமையை நாம் பயன்படுத்தாமலே இழந்து கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் கவலை.

விதிமுறை என்று சொன்னேன். மூன்று பெயர்களைத் தெரிந்து கொண்டால் போதும். கடிதத்தை அனுப்புவதற்கு எஸ்.எம்.டி.பி. இதை 1982-ல் ஜான் போஸ்டல் என்ற அமெரிக்கர் எழுதினார். வந்த கடிதத்தை எடுப்பதற்கு இரண்டு வழிகள்: ஒன்று பாப், மற்றொன்று ஐமேப்.

பாப் என்பது 'போஸ்ட் ஆபீஸ் புரோட்டோகால்' என்பதன் சுருக்கம். இன்று புழங்கும் பாப்3 விதிகள் 1996-ல் வெளியான, ஆர்.எஃப்.சி. 1939 என்ற எண்ணுள்ள ஆவணத்தில் இருக்கின்றன. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு 'போஸ்த் ரெஸ்தாந்த்' என்ற ஏற்பாடு தெரிந்திருக்கும். கடிதம் வீட்டுக்கு வராது. தபால் நிலையத்திலேயே காத்திருக்கும். நாம் போய்ப் பெயரைச் சொல்லி, அடையாளம் காட்டி வாங்கி வர வேண்டும். பாப் செய்வதும் அதுவே. நம் கணினி சர்வரிடம் போய் 'யூசர்' என்று பெயரைச் சொல்லும். 'பாஸ்' என்று ரகசியச் சொல்லைக் கொடுக்கும். 'ஸ்டாட்' என்று கேட்டால் எத்தனை கடிதம், மொத்தம் எவ்வளவு அளவு என்று பதில் வரும். 'ரெட்ர் 1' என்றால் முதல் கடிதம் கைக்கு வரும். 'டெலி 1' என்றால் அதை அழிக்கச் சொன்னதாக அர்த்தம். கடைசியில் 'க்விட்'.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 'டெலி' சொன்னவுடன் கடிதம் அழிந்து விடாது. அழிக்க வேண்டியது என்று குறி மட்டும் விழும். 'க்விட்' சொல்லி முறையாக விடைபெற்றால்தான் சர்வர் அதை நீக்கும். நடுவில் கரண்ட் போய்த் தொடர்பு அறுந்தால், குறிகள் எல்லாம் ரத்து, கடிதங்கள் பத்திரம். அலுவலகத்தில் பழைய கோப்புகளை அழிக்கும் முன் பட்டியல் போட்டு, அதிகாரி கையெழுத்துக்காகக் காத்திருப்போமே, அந்த நிதானம் இதில் இருக்கிறது.

இந்தப் பேச்சுவார்த்தையை ஒவ்வொரு புரோகிராமரும் முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. ஒருமுறை எழுதிச் சோதித்து வைத்ததை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அந்தத் தொகுப்புக்குத்தான் 'லைப்ரரி' என்று பெயர். அதில் உள்ள ஒவ்வொரு வேலையும் ஒரு 'ஃபங்ஷன்'. பைத்தான் மொழியோடு 'பாப்லிப்', 'ஐமேப்லிப்', 'எஸ்.எம்.டி.பி.லிப்' என்ற மூன்று லைப்ரரிகள் இலவசமாகவே வருகின்றன. என் தம்பி மகன் திறந்து காட்டியபோது, பாப்லிப்பில் பெயர்கள் அந்த 1996 ஆவணத்தில் உள்ளபடியே இருந்தன: யூசர், ஸ்டாட், ரெட்ர், டெலி, க்விட். 'பாஸ்' மட்டும் வாலில் ஓர் அடிக்கோட்டோடு இருந்தது. பைத்தான் மொழியில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருப்பதால், ஒரு கோடு போட்டுப் பிரித்திருக்கிறார்கள். இருபது வரிக்குள் ஒரு பெட்டியில் உள்ள எல்லாக் கடிதங்களையும் கணினிக்கு இறக்கும் புரோகிராமை அவன் எழுதி முடித்தான். எந்த நிறுவனத்திடமும் அனுமதி கேட்டு, அச்செடுத்த விண்ணப்பம் எதுவும் கொடுக்கவில்லை.

ஐமேப்பின் கதை வேறு. 1986 வாக்கில் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் இதை உருவாக்கினார். முதலில் வைத்த பெயரில் 'இண்டரிம்', அதாவது இடைக்கால ஏற்பாடு என்ற சொல் இருந்தது. அரசாங்கத்தில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை; இடைக்கால ஏற்பாடுதான் நாற்பது வருஷம் ஓடும். ஐமேப்பில் கடிதம் சர்வரிலேயே இருக்கும். வீட்டுக் கணினி, கைப்பேசி எதில் பார்த்தாலும் ஒரே நிலவரம் தெரியும். கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் நம் புரோகிராம் ஓர் எண் கொடுக்கும். சர்வர் பதில் சொல்லி முடிக்கும்போது அதே எண்ணைக் குறிப்பிடும். 'தங்கள் கடித எண் இன்னது' என்று எழுதிப் பழகிய கைகளுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. இங்கும் அழித்தல் இரண்டு படிதான்: முதலில் குறி, பிறகு 'எக்ஸ்பஞ்ச்' என்ற கட்டளை.

கிறிஸ்பின் பிறகு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு 'சி-கிளையண்ட்' என்ற லைப்ரரியை எழுதினார். இணையதளங்கள் பல எழுதப்பட்டுள்ள பி.எச்.பி. மொழியில், 'ஐமேப் ஓபன்' என்று தொடங்கும் ஃபங்ஷன்கள் எல்லாம் அதன் மேல்தான் நின்றன. அவர் 2012 டிசம்பரில் காலமானார். லைப்ரரியைத் தொடர்ந்து கவனிக்க ஆள் இல்லாமல் போயிற்று. 2024 நவம்பரில் வெளியான பி.எச்.பி. 8.4, அந்த ஃபங்ஷன்களைத் தன் மையத் தொகுப்பிலிருந்து வெளியே எடுத்து விட்டது. மாற்று லைப்ரரிகள் உண்டு, உலகம் நின்றுவிடவில்லை. ஆனாலும் விதிமுறை எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது, அதைப் பேணும் ஆட்களும் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

வழி இன்னொரு பக்கமும் குறுகுகிறது. முன்பெல்லாம் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் எந்த மெயில் புரோகிராமும் உள்ளே போகும். 2022 மே 30 முதல் ஜிமெயில் இதை நிறுத்தத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் சேவையிலும் நிறுத்த ஆரம்பித்தது. காரணம் நியாயமானதுதான். பாஸ்வேர்டு திருட்டு மலிந்துவிட்ட காலத்தில், எல்லா இடத்திலும் அதைக் கொட்டுவது ஆபத்து. அதற்குப் பதிலாக வந்த முறையில், புரோகிராமுக்குத் தனியாக ஓர் அனுமதிச் சீட்டு வழங்கப்படுகிறது. பாதுகாப்பு கூடியது, ஆனால் அந்தச் சீட்டை யாருக்குத் தரலாம் என்று தீர்மானிப்பது இப்போது நிறுவனம். பூட்டு நல்லதாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. வீட்டுக்காரன் விருப்பப்பட்ட வழியில் உள்ளே போகும் உரிமை குறையக் கூடாது என்பதே என் வாதம்.

இதற்கெல்லாம் நாம் ஏன் அலட்டிக் கொள்ள வேண்டும்? என்னோடு ஒரே பிரிவில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மகள் பிரான்ஸில். அவர் போன பிறகு அந்த இமெயில் கணக்கை யாரும் திறக்கவில்லை. பின்னாளில் மகள் திறக்க முயன்றபோது கணக்கே இல்லை. ஆனால் நண்பர் பழைய வழக்கப்படி, பாப் மூலம் கடிதங்களைக் கணினிக்கு இறக்கி வைப்பவர். பரணில் கிடந்த கணினியின் டிஸ்க்கிலிருந்து பதினொரு ஆண்டுக் கடிதங்கள் கிடைத்தன. முதல் பிரசவத்துக்கு முன் பத்தியச் சாப்பாடு பற்றி மகள் கேட்டதும், அம்மா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அப்பா ஒற்றை விரலால் தட்டி அனுப்பிய பதிலும் அதில் இருந்தன. அந்த அம்மாளும் இப்போது இல்லை.

இது எங்கோ நடக்கும் அபூர்வம் அல்ல. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் 2023-ல் விதி வகுத்து, அந்த ஆண்டு டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. அவர்கள் இடம், அவர்கள் விதி. நம் பிரதியை நாம்தான் எடுத்து வைக்க வேண்டும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. தண்டர்பேர்டு என்ற இலவச மெயில் புரோகிராமைக் கணினியில் போடுங்கள். ஐமேப் என்றால் வாயில் எண் 993. பாப் என்றால் 995. ஜிமெயிலில் பாப் வழியை அமைப்புகளுக்குள் போய் நாமே திறந்துவிட வேண்டும். பாப் தேர்ந்தெடுத்தால், 'சர்வரிலும் கடிதம் இருக்கட்டும்' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். ஐமேப்பில் ஓர் எச்சரிக்கை: சர்வரில் அழிந்தது நம் கணினியிலும் மறைந்துவிடும். ஆகவே முக்கியமான கடிதங்களை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்ற பகுதிக்குப் பிரதி எடுத்து விடுங்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவிலும் போட்டு வையுங்கள். அந்தக் கோப்புகள் வெறும் எழுத்துக் கோப்புகள்தாம். எந்த ஒரு கம்பெனியின் தயவும் இல்லாமல் பின்னாளில் திறக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேரனோ பேத்தியோ வீட்டுக்கு வந்தால், பக்கத்தில் உட்கார வைத்து இந்த வேலையை முடித்து விடுங்கள். ஒரு மணி நேரம் ஆகும். அப்படியே அந்தப் பென் டிரைவ் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.