உடுவிலில் பனிச்சறுக்கு: மீன்பெட்டி ஐஸில் தொடங்கிய ஒரு பாடம்

“கனடாவில பனி கொட்டுது எண்டு மாமா போனில சொல்லுறார். மார்கழியில எங்கட முத்தத்திலயும் பனி கொட்டுதுதானே. பிறகேன் மாமா மட்டும் அவ்வளவு பெரிய சப்பாத்துப் போடுறார்?”

கடந்த பெப்ரவரியில் உடுவிலில் உள்ள ஒரு வாசிகசாலையில் தரம் 4 இல் படிக்கும் சிறுவன் ஒருவன் என்னிடம் கேட்ட கேள்வி இது. இத்தாலியில் குளிர்கால ஒலிம்பிக் பெப்ரவரி 6 முதல் 22 வரை நடந்த காலம். உறவினர் கைபேசியில் அனுப்பும் காணொளிகளில் சறுக்கு விளையாட்டுகளைப் பிள்ளைகள் பார்த்திருந்தார்கள். ஆனால் அவன் குழம்பியதில் தவறில்லை. புல்நுனியில் நிற்கும் ஈரத்துக்கும் ரொறன்ரோவில் முழங்கால் வரை குவிவதற்கும் நாம் ‘பனி’ என்ற ஒரே சொல்லைத்தான் கொடுக்கிறோம். உறைபனி, வெண்பனி என்ற சொற்கள் பாடப்புத்தகத்தில் இருக்கலாம், வீட்டில் இல்லை. வீட்டில் இருப்பது ஐஸ்பழம்.

அன்று நான் கொண்டுபோயிருந்தது எஸ்ரா ஜாக் கீற்ஸ் 1962 இல் வெளியிட்ட ‘த ஸ்னோவி டே’ என்ற படப்புத்தகம். சிவப்பு உடுப்புப் போட்ட ஒரு கறுப்பினச் சிறுவன் பனியில் விளையாடுகிறான், குவியலில் ஏறிச் சறுக்குகிறான், நாளைக்கென்று ஒரு பனி உருண்டையைச் சட்டைப் பைக்குள் வைக்கிறான். இரவில் பை ஈரம், உருண்டை இல்லை. எழுத்து குறைவு, படம் பெரிது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்களும் படத்தைப் பார்த்தே கதையைச் சொல்லிவிட்டார்கள். பை ஈரமான பக்கத்தில் ஒருத்தி சிரித்துவிட்டு, “உமிக்குள்ள வைச்சிருக்கலாம்” என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் பாடம் தொடங்கியது. மீன் வியாபாரி ஒருவரிடம் ஒரு ஐஸ் பாளம் வாங்கினோம். ஒரே அளவு துண்டுகள் இரண்டு: ஒன்று தட்டில், மற்றது மட்டைப்பெட்டியில் மரத்தூளுக்குள். 1833 இல் பிரெடெரிக் ரியூடர் என்ற பொஸ்ரன் வணிகர் ஏரி ஐஸை மரக்கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பியது இதே முறையில்தான். சென்னை மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ், அந்த ஐஸைச் சேமிக்கக் கட்டப்பட்டது. உடுவில் மகளிர் பாடசாலையை 1824 இல் தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ வந்ததும் அதே குளிர்ப்பிரதேசமான நியூ இங்கிலாந்திலிருந்துதான். பனியை நேரில் தெரிந்தவர்கள் இந்த ஊரில் 200 வருடங்களுக்கு முன்பே இருந்திருக்கிறார்கள் என்றதும் பிள்ளைகளுக்கு வியப்பு.

பிறகு சறுக்கு. தீப்பெட்டிக்குள் சிறு கல் வைத்து, நூல் கட்டி, சீமெந்து நிலத்தில் இழுத்தோம். அடுத்து ஐஸ் மேல். அடுத்து மணல் தூவிய ஐஸ் மேல். இழுக்க முன்னரே எது இலகு என்று ஒவ்வொருவரும் கொப்பியில் எழுத வேண்டும். மணல் ஐஸில் பெரும்பாலானோர் பிழைவிட்டார்கள். ஐஸ் ஏன் வழுக்குகிறது என்பதற்கு, ஆளின் பாரத்தில் அது உருகுகிறது என்றுதான் நானும் படித்திருந்தேன். அந்த விளக்கம் போதாது. உருகுநிலைக்குக் கீழேயும் ஐஸின் மேற்பரப்பில் நீர்போன்ற மெல்லிய படலம் இருக்கிறது, உராய்வின் வெப்பமும் சேர்கிறது. ‘கேர்லிங்’ விளையாட்டில் கல்லுக்கு முன்னால் தும்புத்தடி போன்ற ஒன்றால் ஓடியோடித் தேய்ப்பது இதற்காகத்தான். உள்ளங்கையை உரஞ்சிப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு அது பிடிபட்டது.

மலை இல்லாத குடாநாட்டில் இதெல்லாம் வெறும் கற்பனையா? இந்தியரான சிவா கேசவன் 1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகளில் ‘லூஜ்’ ஓடினார். பனித்தடம் கிடைக்காமல், வண்டிலுக்குச் சில்லுப் பூட்டி இமயமலை வீதிகளில் பயிற்சி செய்தவர். கிணற்றடிக் கமுகமட்டையில் ஒருவரை இருத்தி இழுத்த தலைமுறைக்கு இது விளங்கும். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த மட்டையையும் நான்தான் காட்ட வேண்டியிருந்தது.

வாசலில் நின்ற ஒரு தாய் கேட்டார்: “இது சோதினையில வருமோ?” அவரைக் குறைசொல்ல முடியாது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை, பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. அதனால் தரம் 3 இலேயே கடந்தகால வினாத்தாள் தொடங்கிவிடுகிறது. ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்ற பாடத்தின் பெயரிலேயே செயற்பாடு இருக்கிறது. ரியூசன் கொட்டிலில் அது மனப்பாடமாகிவிடுகிறது. வெளிநாட்டு உறவுகள் பாடசாலைகளுக்குத் திறன்பலகை வாங்கித் தருகிறார்கள், நல்லது. அந்தக் காசில் சிறு பங்குக்குப் படப்புத்தகங்களும் ஒரு பெட்டி ஐஸும் கேட்க எங்களுக்கு ஏன் வாய் வருவதில்லை?

கடைசியாக, ஒரு போத்தலில் தண்ணீரும் அதன் மேல் மண்ணெண்ணெயும் ஊற்றி, நானே ஒரு ஐஸ் துண்டைப் போட்டேன். அது மண்ணெண்ணெய்க்குள் தாழ்ந்து, தண்ணீரின் மேல் வந்து நின்றது. உடனே ஒருவன், “அம்மம்மா வீட்டுக் கிணத்திலயும் எண்ணெய் இப்பிடித்தான் மேல நிண்டதாம்” என்றான். உடுவிலுக்கு அயலான சுன்னாகத்துக் கிணறுகளின் எண்ணெய் மாசு 2019 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போன விவகாரம். அப்போது நிபுணர்கள் ஒருவருக்கொருவர் முரணாகப் பேச, சனம் யாரை நம்புவதென்று தெரியாமல் வாளியோடு நின்றது. அவன் அப்போது பிறந்திருக்கவும் மாட்டான்.

அடுத்த சனிக்கிழமை ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். ஒன்பது போத்தல்கள் வந்தன. கேள்வி கேட்ட அந்தத் தாயும் ஒன்று கொடுத்தனுப்பியிருந்தார்.