கல் நடுமுன்...

மறதி மனித இயல்பு. அந்த மறதிக்கு அணை போடவே நினைவுச் சின்னங்கள் எழுந்தன. ஆயினும், இன்று சிலைகளும் மண்டபங்களும் பெருகியுள்ள அளவுக்கு நம் நினைவும் பெருகியிருக்கிறதா? மாணவியராகிய நாம் இக்கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது தவறாகாது. ஏனெனில், இன்று நடப்படும் கற்களோடு நெடுநாள் வாழப் போகிறவர்கள் நாமே அல்லவா?

கல் நடுவது தமிழர்க்குப் புதிய கலையன்று. போரில் மாண்ட வீரனுக்குக் கல் எடுப்பதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகிறது. சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கல் எடுத்த வரலாறும் ஏறத்தாழ இந்த வரிசையிலேயே செல்கிறது. இந்த ஆறில் நடுதல் நான்காவதாகத்தான் வருகிறது. தக்க கல்லைத் தேடுவதும், அதனைத் தூய்மை செய்வதும் முன்னே, வாழ்த்துவது கடைசியில். நம் காலத்திலோ திறப்பு விழாவுக்கு நாள் குறித்த பின்னரே கல்லைத் தேடப் புறப்படுகிறோம்!

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. எருமைகளைக் காக்கப் போராடி உயிர்விட்ட வீரன் ஒருவனுக்கு எடுத்த கல் அது. அவன் அருகே அவனுடைய நாயின் உருவமும் உண்டு. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். யார், என்ன செய்தார், ஏன் நினைக்க வேண்டும் என்ற மூன்றும் சில வரிகளில் அடங்கிவிட்டன. ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு நாயின் நன்றியை நாம் அறிகிறோம். இனி, நம் ஊர்களில் உள்ள சலவைக் கற்களைப் படித்துப் பாருங்கள். தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், திறந்து வைத்தவர் பெயர்களெல்லாம் பெரிய எழுத்துகளில் இருக்கும். நினைக்கப்பட வேண்டியவர் செய்தது என்ன என்பதற்கு மட்டும் இடம் போதாது. ஆகவே, சின்னம் எழுப்புவோர் முதலில் கல்வெட்டை எழுதிப் பார்க்கட்டும். எழுதுவதற்கு நான்கு வரிகள் கிடைக்கவில்லையென்றால், கல்லுக்கு அலைய வேண்டாம்.

அடுத்து, யாரை நினைக்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம் என்று பார்க்க வேண்டும். 1968-ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் பத்துச் சிலைகள் நிறுவப்பட்டன. திருவள்ளுவர், கம்பர், பாரதியார், வீரமாமுனிவர், ஜி.யு.போப், கால்டுவெல் போன்றோர் அங்கே நிற்கின்றனர். அவர்களைக் கண்டு நாம் பெருமிதம் கொள்கிறோம். ஆனால் பத்தில் பெண்கள் இருவரே. ஒருவர் ஔவையார்; மற்றவர் காப்பியத் தலைவி கண்ணகி. அதே கடற்கரையில் 1959-ஆம் ஆண்டு தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையில் நான்கு பேர் பாறையொன்றைப் புரட்டுகிறார்கள். பெயரற்ற உழைப்பாளிகளைப் போற்றும் அச்சிற்பம் போற்றத்தக்கதே. எனினும், வீடு கட்டுமிடமெல்லாம் கல்லும் மண்ணும் சுமக்கும் பெண்ணுக்கு அந்தப் பாறையருகே இடமில்லை. சின்னங்களைப் பார்த்து வளரும் சிறுமியர், 'பெருமை நமக்குரியதன்று' என்று எண்ணிவிடக் கூடாதல்லவா?

மூன்றாவது, இடமும் பராமரிப்பும். பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் சிலை வைக்க அனுமதி தரக் கூடாது என்று 2013-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. நடக்க வேண்டிய முதியவரைச் சாலையில் இறக்கிவிட்டு ஒரு தலைவரைப் போற்ற முடியாது. அதுமட்டுமா? நம் நாட்டில் பல சிலைகள் இன்று இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் நிற்கின்றன. சாதிச் சண்டையிலோ கட்சிச் சண்டையிலோ யாராவது சேதப்படுத்திவிடுவார்கள் என்ற அச்சமே காரணம். மக்களின் விடுதலைக்காக உழைத்தவர்களை மக்களுக்கு அஞ்சியே சிறை வைத்திருக்கும் இக்காட்சி நமக்கு வெட்கமன்றோ? கல்லறைத் திருநாளில் நம் குடும்பத்தார் புல்லைக் களைந்து, சுண்ணாம்பு பூசி, மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அத்தகைய அன்புள்ள கைகள் இல்லாத சின்னம் நாளடைவில் காக்கைக்கும் தூசிக்குமே சொந்தமாகிவிடும்.

நான்காவது, சின்னம் உயிரோடிருப்பவர்க்கும் ஏதேனும் சொல்ல வேண்டும். ஜப்பானில் அனேயோஷி என்னும் சிற்றூரில், 1933-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு ஒரு கல் நட்டார்கள். அதற்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று அக்கல் எச்சரிக்கிறது. ஊரார் அச்சொல்லை மதித்தனர். 2011-ஆம் ஆண்டு மீண்டும் கடல் பொங்கியபோது, அலை அந்தக் கல்லை எட்டாமலே நின்றது. மேலே இருந்த வீடுகள் தப்பின. நாம் பிறக்குமுன், 2004 டிசம்பர் 26-இல், நம் கரையையும் கடல் விழுங்கியது. அலை இதுவரை வந்தது என்று காட்டும் ஒரு கல் நம் மீனவக் குப்பம் ஒவ்வொன்றிலும் இருந்தால், வரும் தலைமுறைக்கு அது காவலாகாதா?

அதே 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-இல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். நம்மைப் போல் காலையில் புத்தகப் பையோடு புறப்பட்டவர்கள் அவர்கள். ஆண்டுதோறும் பெற்றோர் மலரும் மெழுகுவத்தியும் ஏந்தி வருகிறார்கள். அத்தீக்குப் பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. நம் தலைக்கு மேலுள்ள உறுதியான கூரையும் அக்குழந்தைகளின் நினைவுச் சின்னந்தான் என்று நாம் கருதுகிறோம். நம் வகுப்புகளின் வாயில்களும் படிகளும் தடையின்றி இருக்கும்வரைதான் அச்சின்னம் நிலைத்திருக்கும்.

பயனுள்ளது மட்டுமே போதுமா, அழகும் பெருமிதமும் வேண்டாவா என்று சிலர் கேட்கலாம். வேண்டும்! 2000-ஆம் ஆண்டு முதல் நாள் திறக்கப்பட்ட கன்னியாகுமரி வள்ளுவர் சிலையைப் பாருங்கள். குறளின் 133 அதிகாரங்களுக்கு 133 அடி. அதில் பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிப்பது. அங்கே உயரம் வெறும் உயரமாக இல்லாமல் பொருளோடு நிற்கிறது. பொருளற்ற உயரத்தைத்தான் நாம் மறுக்கிறோம். அமெரிக்காவில் வியட்நாம் போரில் மாண்டோர்க்கு 1982-ஆம் ஆண்டு எழுந்த சின்னமோ உயரவே இல்லை. கருங்கல் சுவர், அதில் 58,000 பேர்க்கு அண்மித்த பெயர்கள், அவ்வளவே. 1,421 வரைபடங்களைப் பெயர் மறைத்துப் பார்த்த நடுவர்கள் தேர்ந்தெடுத்தது, 21 வயதுக் கல்லூரி மாணவி மாயா லின் வரைந்ததை. வரைந்தவர் யாரென்று முன்பே தெரிந்திருந்தால், அந்த இளம்பெண்ணுக்கு அவ்வாய்ப்புக் கிட்டியிருக்குமோ?

நிறைவாக, நம் வீட்டுச் செய்தி ஒன்று. நம் பள்ளியின் விழா ஆண்டு நினைவாக வாயிலில் வளைவு கட்டலாமென்று பேச்சு நடப்பதை அறிகிறோம். பெரியோர் தீர்மானிக்க வேண்டிய காரியம் இது. எனினும் பத்தாம் வகுப்பினரின் பணிவான வேண்டுகோள்: வளைவுக்கு ஆகும் செலவில் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குக் குடிநீர்த் தொட்டி ஒன்று கட்டலாம். அதன் சுவரில் நிறுவிய அன்னையர் பெயரோடு, இத்தனை ஆண்டும் மணியடித்தவர், வகுப்பறை பெருக்கியவர், வாயில் காத்தவர் பெயர்களையும் எழுதலாம். தாகத்தோடு வரும் குழந்தை நீர் குடித்துக்கொண்டே அப்பெயர்களை எழுத்துக் கூட்டிப் படிக்கும்.

அன்புத் தோழியரே! நாளை நாமும் வாக்களிப்போம். ஊர் மன்றங்களில் அமர்வோம். கல் நடும் பொறுப்பு நம் கைக்கும் வரும். அன்று விழாவுக்கு நாள் பார்க்குமுன், யாருக்காக, எதற்காக, யார் காப்பார் என்று கேட்போம். விடை கிடைத்த பின்னரே கல்லை எடுப்போமாக!