தரிசென்று எழுதப்படும் புல்நிலங்கள்

கொங்கு நாட்டிலே காங்கயம், தாராபுரம், கரூர்ப் பக்கங்களில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழையே பெய்கின்றது. இம்மழையைக் கொண்டு நிலத்தை உழுது நட்டமடைவதைக் காட்டிலும், அதைப் புல்லுக்கு விட்டு ஆடுமாடு வளர்ப்பதே மேலென்று நம் முன்னோர் கண்டறிந்து ஏற்படுத்தியவை கொறங்காடுகள். கிளுவை முள்வேலியும், கொழுக்கட்டைப் புல்லும், நரிப்பயறும், இடையிடையே வெள்வேல மரமும் கூடிய இக்காடுகளிலேதான் காங்கய மாட்டினம் வளர்ந்து பேர் பெற்றது. வெள்வேலின் காய் கோடையில் ஆடுகளுக்குத் தீனியாகின்றது.

இவ்வளவு பயன் தரும் நிலத்திற்கு ஏட்டில் கிடைக்கும் பெயர் யாது? விதைப்பில்லாத புலம் அடங்கலில் தரிசென்று எழுதப்படுகின்றது. முட்புதரும் புல்லும் அடர்ந்த வெளிகளுள் பல, தேசத்தின் தரிசு நில வரைபடங்களில் பயனற்றவையாகக் குறிக்கப்பட்டுள்ளன. கோடையில் எடுத்த துணைக்கோள் படத்தில், காய்ந்து வேரோடு உறங்கும் புல் வெறுந்தரை போலவே தோன்றும். ஐப்பசி மழைக்குப் பின் அது தழைப்பதை அவ்விடத்து ஆட்டுக்காரரே அறிவர். பெயர் தரிசானால், அந்நிலத்தில் மரம் நடுவதும், கல் உடைப்பதும், சூரிய மின்தகடு பரப்புவதும் யாருக்கும் நட்டமில்லாத காரியங்களாகக் கருதப்பட்டுவிடும்.

இந்தியாவின் வறண்ட பகுதிகளிலுள்ள இத்தகைய திறந்த இயற்கை வெளிகளைக் குறித்து 2022-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, அவை தேசத்தின் நிலப்பரப்பில் சுமார் 10 சதவிகிதம் என்றும், அவற்றுள் 5 சதவிகிதத்துக்கும் குறைவானதே பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் உள்ளது என்றும் கூறுகின்றது. ஆனால் இத்தகைய பெரும்படம் எந்தப் புலத்தில் எம்மாதம் யார் மந்தை மேய்கின்றது என்பதைக் காட்டாது. அதைக் கிராமத்தாரே எழுதுதல் வேண்டும்.

வழி எளிது. கிராமப் படத்தையும் புலப்படங்களையும் கையில் கொண்டு, நில உடைமையாளரும் ஆட்டுக்காரரும் கிராம நிர்வாக அலுவலரும் எல்லையைச் சுற்றி நடக்க வேண்டும். மார்கழியில் ஒரு முறையும் சித்திரையில் ஒரு முறையும் நடப்பது அவசியம். ஒரே பருவத்தில் பார்த்தால் புல்லின் உண்மை விளங்காது. புல எண்தோறும் புல்வகை, மேய்ச்சல் மாதங்கள், குட்டை, மந்தைப் பாதை, சீமைக் கருவேல் பரவிய இடம், ஆக்கிரமிப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். மேய்ச்சல் புறம்போக்கைத் தனி நிறத்திலும், பட்டாக் கொறங்காட்டை வேறு நிறத்திலும் தீட்டுதல் நலம்.

இப்படம் பட்டாதாரரின் உரிமையைக் குறைத்துவிடுமோ என்ற அச்சம் சிலருக்கு எழக்கூடும். அது நியாயமான அச்சமே. ஆகையால் நிலத்தின் உபயோகத்தையே இப்படம் காட்டுகின்றது, உடைமையை மாற்றுவதன்று என்பதைப் படத்தின் மேலேயே எழுதிவிட வேண்டும். பட்டா நிலத்தை உடைமையாளரின் சம்மதம் பெற்றே சேர்க்க வேண்டும். மற்றொரு புறம், படத்திற்குத் தானாகச் சட்ட பலம் உண்டென்று எண்ணி ஏமாறவும் கூடாது. கிராம சபையில் படித்துக் காட்டித் தீர்மானமாக நிறைவேற்றி, அதன் நகலை வட்டாட்சியருக்கு அனுப்பினால்தான், நாளை ஒரு புறம்போக்கை வேறு காரியத்திற்கு மாற்ற முற்படும்போது காட்டுவதற்கு ஓர் ஆதாரம் இருக்கும். பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி அவற்றைக் கிராமத்தாரின் பொது உபயோகத்திற்கு மீட்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டு ஜக்பால் சிங் வழக்கில் கூறியிருப்பதும் இங்கே கருதத்தக்கது.

முன்னாளில் மேய்ச்சலின் எல்லை கர்ணம், மணியக்காரரின் நினைவிலும் இருந்தது. 1980-இல் அப்பதவிகள் நீங்கின. ஆட்டுக்காரரின் பிள்ளைகளும் வேறு தொழிலுக்குச் செல்கின்றனர். நினைவிலுள்ளது ஏட்டில் ஏறாவிடில் அடுத்த தலைமுறைக்கு எட்டாது. வரும் மார்கழிக்குள் ஒவ்வொரு கிராமமும் இவ்வேலையைத் தொடங்குமாயின், தீவனத்திற்கு அலைய நேரும் கோடையில் அதன் பலனை நிச்சயமாக உணரும்.