கடைசிப் பந்தயமும் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வித்தையும்

போக்கர் மேசையில் கடைசிப் பந்தயம் வந்து விழுந்தால் போதும், சுற்றி நிற்கிற அத்தனை பேரும் மனோதத்துவ நிபுணர்களாகிவிடுகிறார்கள். "கை நடுங்குது பார்!", "கண்ணைப் பார்க்க மாட்டேங்கிறான், கண்டிப்பா ப்ளஃப்தான்!" இந்த வித்தை நிஜமாகவே பலித்தால் இவர்கள் எல்லோரும் இந்நேரம் கோடீஸ்வரர்கள் ஆகியிருக்க வேண்டும். ஆனதாகத் தெரியவில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ரெண்டே வரி. டெக்சாஸ் ஹோல்டெமில் ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக, மேசை நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக. ஐந்தாவது சீட்டுக்கு ரிவர் என்று பெயர். அதற்குப் பிறகு புதுச் சீட்டு வராது. எதிராளி பணத்தை முன்னே தள்ளினால், அதே தொகையைப் போட்டு "திற" என்று சொல்வது கால். சீட்டைக் கவிழ்த்துவிட்டுப் போவது ஃபோல்ட். (மேலே ஏற்றுவதும் உண்டு, அது வேறு கதை.)

இந்த நிபுணர்களுக்கு வேதம் மாதிரி ஒரு ஆட்டம் இருக்கிறது. 2003, லாஸ் வேகாஸ், உலகத் தொடரின் முக்கியப் போட்டி. 839 பேர் ஆடியதில் மிஞ்சியது இரண்டு பேர். ஒருவர் டென்னஸியிலிருந்து வந்த கணக்கர், இணையத்தில் சின்னத் தொகைக்கு ஆடித் தகுதி பெற்ற கிறிஸ் மணிமேக்கர். (பெயரே அதுதான், நம்புங்கள்.) எதிரே சாமி ஃபர்ஹா, தொழில்முறை ஆட்டக்காரர். மேசையில் 9, 2, 6, 8, 3. அதில் மூன்று இஸ்பேட். ஃபர்ஹாவிடம் ராணியும் 9-உம், ஆக ஒன்பது ஜோடி. மணிமேக்கரிடம் இஸ்பேட் ராஜாவும் ஒரு 7-உம். ஃப்ளஷ்ஷும் சேரவில்லை, வரிசையும் சேரவில்லை, அதாவது ஒன்றுமே இல்லை. இருந்தும் கையிலிருந்த அத்தனையையும் தள்ளினார். ஃபர்ஹா யோசித்து யோசித்துக் கடைசியில் கவிழ்த்தார்.

"பயந்துட்டார்", "முகத்தைப் படிக்கத் தெரியலை" என்று அன்றிலிருந்து ஒரே பேச்சு. இதில் இரண்டு அபத்தம். பேசுகிறவர்கள் இரண்டு பேர் சீட்டையும் டிவியில் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு தேர்வு எழுதியவனைத் திட்டுகிற மாதிரி. இரண்டாவதுதான் முக்கியம்: ஃபர்ஹா சரியாகவே மோப்பம் பிடித்தார்! ஃப்ளஷ்ஷுக்கு முயன்று கிடைக்காமல் போயிருக்கும் என்று மேசையிலேயே வாய்விட்டுச் சொன்னார். உள்ளுணர்வு சரி, முடிவு மட்டும் ஃபோல்ட். அப்புறம் உள்ளுணர்வை வைத்து என்ன செய்வது?

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி "பொய் சொல்கிறானா?" என்பது இல்லை. "என்ன விலைக்குப் பார்க்கச் சொல்கிறான்?" என்பதுதான். நடுவில் 1000 டாலர் இருக்கிறது, எதிராளி 1000 போடுகிறான். நீங்கள் 1000 கொடுத்து 2000-ஐப் பிடிக்கப் பார்க்கிறீர்கள். மூன்று தடவை கால் செய்து ஒரே ஒரு தடவை ஜெயித்தால் கணக்கு நேர். அவன் 500 மட்டும் போட்டால் 500-க்கு 1500, நான்கில் ஒன்று போதும். அவ்வளவுதான் கணிதம், எட்டாம் வகுப்பு.

அதற்குப் பிறகுதான் ஆளைப் பற்றிய யோசனை. அதுவும் முகத்தை அல்ல, அவன் ஆடி வந்த வழியை. முதலிலிருந்து இப்படிப் பணம் போட்டு வந்தவனிடம் என்னென்ன சீட்டு இருக்க முடியும்? நம்மை ஜெயிக்கிற ஜோடிகள் 12, ஏமாந்துபோன ஜோடிகள் 8 என்று வையுங்கள். இருபதில் எட்டு, 40 சதவீதம். 1000-க்கு 1000 பந்தயத்தில் தேவை 33-தான். கால் செய்யலாம். அதே ஆள் ஏமாந்த கையோடு ஒருநாளும் பெரிய பந்தயம் போடாத பயந்தாங்கொள்ளி என்றால் அந்த எட்டும் பூஜ்யம், மூச்சுவிடாமல் கவிழ்க்க வேண்டியதுதான். சின்ன மேசைகளில் ரிவரில் திடீரென்று மலை மாதிரி பணம் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஜாதி. "என்னதான் வச்சிருக்கான்னு பார்த்துடுவோம்" என்று அங்கே போடுகிற காசு வெறும் வேடிக்கைச் செலவு, சினிமா டிக்கெட் மாதிரி. சினிமாவிலாவது இரண்டரை மணி நேரம் ஏசி உண்டு.

இந்தக் கணக்கு ஏன் யாருக்கும் பிடிப்பதில்லை? மானப் பிரச்சினை! மூன்றில் ஒரு தடவை ஜெயித்தால் போதும் என்றால், மீதி இரண்டு தடவை எல்லோர் முன்னாலும் தோற்ற சீட்டைக் காட்ட வேண்டும். "இதை வச்சா கால் பண்ணே?" என்று சிரிப்பார்கள். கவிழ்த்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது, கௌரவமாக எழுந்து டீ குடிக்கப் போகலாம். "கால் பண்ணி நான் தோத்ததே இல்லை" என்று பெருமையடிக்கிறவர் எத்தனை பானையை இப்படிச் சத்தமில்லாமல் தாரை வார்த்தார் என்பதற்குத்தான் சாட்சி கிடையாது.

மானம் இல்லாத ஆட்டக்காரர் எப்படி ஆடுவார் என்று 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் பார்த்தாயிற்று. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 கைகள் ஆடி ஜெயித்தது. அதற்குக் கண் இல்லை, எதிராளியின் கை நடுங்கியதா என்று அது பார்க்கவே இல்லை. தோற்ற சீட்டைக் காட்டும்போது அதற்கு முகமும் சிவக்கவில்லை.

ஃபர்ஹா அன்று கவிழ்த்தது சரியா தவறா? நடுவில் எவ்வளவு, மேலே எவ்வளவு, அந்தக் கணக்கர் வெறுங்கையோடு எத்தனை தடவை இப்படித் தள்ளுவார், இந்த மூன்றையும் பேசாமல் அதைத் தீர்க்க முடியாது. முகத்தைப் பற்றி மட்டும் மணிக்கணக்கில் பேசலாம், பேசுகிறார்கள். இன்னொன்றையும் இவர்கள் சொல்வதில்லை. அதே இரவில், கடைசிக் கையிலும் ஃபர்ஹாவிடம் மேசையின் உச்ச ஜோடிதான் இருந்தது, ஜாக்கி ஜோடி. இந்தத் தடவை அவர் கவிழ்க்கவில்லை, மொத்தத்தையும் போட்டார். மணிமேக்கரிடம் 5-உம் 4-உம், மேசையிலும் 5-உம் 4-உம். 25 லட்சம் டாலர் டென்னஸிக்குப் போனது.