மை அழிந்தது, பட்டியல் அழிந்ததா?

வாக்குச்சாவடியில் விரலில் வைக்கும் அழியாத மை மைசூரில்தான் தயாராகிறது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1937-ம் ஆண்டு தொடங்கிய தொழிற்சாலை அது. 1962-ம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலிருந்து வாக்காளரின் அடையாளமாக அந்த மை இருந்து வருகிறது. 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் அழியாத மைக்கு வேறொரு வேலையும் வந்து சேர்ந்தது. கொரோனா அச்சத்தால் தனிமையில் வைக்கப்பட்டவர்களின் கையில் முத்திரை குத்தும் முறை கர்நாடகத்தில் தொடங்கிற்று. அதற்கு அழியாத மையைப் பயன்படுத்தலாம் என்று தேர்தல் ஆணையம் மார்ச் 25 அன்று அனுமதி அளித்தது.

கையில் வைத்த மை சில வாரங்களில் அழிந்துவிட்டது. அப்போது வாங்கிய பெயர், முகவரி, தொலைபேசி எண், புகைப்படம் ஆகியவை என்னவாயின? இதைக் கேட்பார் யாரும் இல்லை.

வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால் நெருங்கிய உறவினருக்கு மட்டும் சொல்வது நம்மவர் வழக்கம். காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் அதை அடுத்த வீட்டுக்குச் சொல்வதில்லை. பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் சொல்லவே மாட்டார்கள். இந்த அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அந்த வழக்கைத் தொடுத்த ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி, மைசூர் மகாராஜா கல்லூரியில் பயின்றவர்.

தீர்ப்பு வந்து 3 ஆண்டுகள் முடிவதற்குள் நிலைமை தலைகீழாயிற்று. வெளிநாட்டிலிருந்து திரும்பி வீட்டில் தனித்திருந்தவர்களின் முகவரிகளைக் கர்நாடக அரசே மாவட்ட வாரியாக வெளியிட்டது. அந்தப் பட்டியல் வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் பறந்தது. தனித்திருப்பவர்கள் காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை மணிக்கொரு முறை தம்மைப் படமெடுத்து செயலி மூலம் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதற்கு எதிராக எழுந்த குரல் மிகக் குறைவு. தன் அந்தரங்கத்தைப் பெரிதாக நினைத்தவர்களே, அடுத்த வீட்டாரின் அந்தரங்கம் தெருவுக்கு வரட்டும் என்று எதிர்பார்த்தார்கள். அச்சம் மனிதரை அப்படி மாற்றிவிடுகிறது.

விவரம் கேட்டதே தவறு என்று யாரும் சொல்ல முடியாது. 2020 மார்ச் இறுதியில் நஞ்சன்கூடு மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் நோய் பரவியபோது, யார் யாருடன் பழகினார் என்று தேடிப் பிடித்ததனால்தான் மைசூர் மாவட்டம் தப்பியது. மே மாத நடுவில், அதுவரை நோய் கண்ட 90 பேரும் குணமாகி வீடு திரும்பினர். சுகாதார ஊழியருக்குச் சொன்ன விவரம் உயிரைக் காத்தது. அதே விவரம் தெருவுக்கு வந்தபோது மனிதரை ஒதுக்கி வைத்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அன்று பலரும் மறந்தார்கள்.

வரலாறு இதை முன்பே கற்பித்திருக்கிறது. 2020-ல் அரசுகள் கையில் எடுத்த தொற்றுநோய்ச் சட்டம், பிளேக் நோய்க்காக 1897-ல் இயற்றப்பட்டது. அன்று புனாவில் சிப்பாய்கள் வீடு புகுந்து நோயாளிகளைத் தேடினர். மக்கள் நோயாளிகளை ஒளித்தனர், இறந்தவரைக்கூட மறைத்தனர். ஆத்திரம் முற்றி, பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூன் 22 அன்று சுடப்பட்டார். பிளேக் நிற்கவில்லை. மறு ஆண்டே ரயில் வழியாக மைசூர் சமஸ்தானத்துக்கும் வந்துவிட்டது. அவமானத்துக்கு அஞ்சி நோயை மறைக்கும் ஊரில் நோய்க்குத்தான் கொண்டாட்டம்.

நீதிமன்றங்கள் ஓரளவு விழித்துக்கொண்டன. நோயாளியின் வீட்டு வாசலில் சுவரொட்டி ஒட்டக் கூடாது, உரிய அதிகாரி பேரிடர் சட்டப்படி தனியே உத்தரவிட்டால் மட்டுமே ஒட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 9 அன்று கூறியது. ஆரோக்கிய சேது செயலியில் சேர்ந்த விவரங்களை, உரியவரின் சம்மதமின்றிப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் இடைக்காலத் தடை விதித்தது.

ஆனால் 2023-ம் ஆண்டு நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. தொற்றுநோய்க் காலத்தில் சிகிச்சைக்காகச் சம்மதம் கேட்காமலே விவரங்களைக் கையாளலாம் என்கிறது சட்டம். அது நியாயமே. காரியம் முடிந்ததும் விவரத்தை அழித்துவிட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அதுவும் நியாயம். ஆனால் அழிக்கும் அந்தக் கடமையிலிருந்து அரசுக்கு மட்டும் விலக்குத் தரப்பட்டிருக்கிறது. வாங்கிய கைக்குத் திருப்பித் தரும் கடமை இல்லை என்றால், கொடுத்தவர் யாரை நம்புவது?

மைசூரில் பிழைக்க வந்த தமிழருக்கு இது ஏட்டுச் சட்டப் பிரச்சினை அன்று. சொந்த வீடு உள்ளவரை ஒதுக்கி வைத்தாலும் அவருக்குக் கூரை இருக்கும். நாலு பேர் சேர்ந்து ஓர் அறையில் வாடகைக்கு இருப்பவரின் பெயர் பட்டியலில் வந்தால், வீட்டுக்காரர் சாவியைக் கேட்பார். மேஸ்திரி வேலைக்கு வர வேண்டாம் என்பார். 2020 மே 18 அன்று, தமிழ்நாடு உள்ளிட்ட 4 மாநிலத்தவர் மே மாத இறுதி வரை கர்நாடகத்துக்குள் வரக் கூடாது என்று அரசு அறிவித்தது. எந்த ஊர்க்காரர் என்பதே சந்தேகத்துக்குப் போதுமான காலம் அது.

ஆகவே, அரசு செய்ய வேண்டியவை மூன்று. நோய்க் காலத்தில் வாங்கும் விவரம் எதற்காக, யார் கையில் இருக்கும் என்பதை வாங்கும்போதே சொல்ல வேண்டும். அழிக்கும் நாளையும் அப்போதே குறிப்பிட வேண்டும். அந்த நாள் வந்ததும், அழித்தாயிற்று என்று பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். கொரோனா காலப் பட்டியல்களிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

பொதுமக்களுக்கும் ஒரு கடமை உண்டு. பிறர் முகவரி கொண்ட பட்டியல் கைக்கு வந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்பாமல் நிறுத்த வேண்டும். காய்ச்சல் கண்ட கூலித் தொழிலாளி அஞ்சாமல் ஆஸ்பத்திரிப் படி ஏற வேண்டுமானால், அங்கே சொல்வது தெருவுக்கு வராது என்ற நம்பிக்கை அவருக்கு வேண்டும். அடுத்த நோய் வருவதற்கு முன்பே அந்த நம்பிக்கையைத் தேடித்தருவது அரசின் பொறுப்பு.