நர்ஸிங்குக்கு நல்ல ஸ்கோப்பாமே?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல கோவில்பட்டியில இருந்து சித்தப்பா போன். வழக்கமா மழை பெய்ஞ்சுதா, சாப்பிட்டியான்னு ஆரம்பிக்கிற மனுஷன், அன்னிக்கு எடுத்த எடுப்புலயே, "ஏய்யா, பாப்பா படிச்ச கோர்ஸு செல்லாதுன்னு சொல்லுதாங்களே, நெசமா?"ன்னு கேட்டார்.

தங்கச்சி பிளஸ் டூ முடிச்சதும், டவுன்ல ஒரு மாடிக் கட்டடத்துல நடக்கிற இன்ஸ்டிடியூட்ல 'ஒரு வருட நர்ஸிங்' சேர்ந்தா. பீஸ் நாற்பத்தஞ்சாயிரம். வெள்ளைக் கோட்டு, ஐடி கார்டு, கடைசியில பட்டமளிப்பு போட்டோ எல்லாம் உண்டு. சர்டிபிகேட்டைத் தூக்கிக்கிட்டு வேலை கேட்டுப் போன இடத்துல ஒரே கேள்விதான். "கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் என்னம்மா?" அப்படி ஒண்ணு இருக்குன்னே அவளுக்குத் தெரியாது. வேணும்னா உதவியாளரா வந்து பெட்ஷீட் மாத்துன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

இதுல எனக்கென்ன சம்பந்தம்னு கேட்டா, இருக்கு. அவ சேர்றதுக்கு முன்னாடி சித்தப்பா என்கிட்டதான் கேட்டார். நான் ரிலீஸ் டென்ஷன்ல ஆணி புடுங்கிக்கிட்டு இருந்தேன். "ஹெல்த்கேர்ல எப்பவும் டிமாண்டு சித்தப்பா, தாராளமா சேத்து விடுங்க"ன்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டேன். இன்ஸ்டிடியூட் பேரைக்கூட கேக்கல. இன்ஜினியரிங் படிச்சுட்டா எல்லா படிப்பும் தெரியும்னு ஊர்ல நம்புறாங்க. அதைவிடக் கொடுமை, நாமளும் நம்பிடறோம் :-(

அன்னிக்கு செய்யாத வேலைய இப்போ உக்காந்து செஞ்சேன். தெரிஞ்சுக்கிட்டதை இங்க எழுதி வெக்கிறேன். உங்க வீட்டுலயும் ஒரு சித்தப்பா இருப்பார்.

நர்ஸ்னு சட்டப்படி சொல்லிக்க முறையான வழிகள் கொஞ்சம்தான். ஏ.என்.எம். ரெண்டு வருஷம், கிராம சுகாதாரப் பணிக்கு. ஜி.என்.எம். டிப்ளமோ மூணு வருஷம். பி.எஸ்சி. நர்ஸிங் நாலு வருஷம், இதுக்கு பிளஸ் டூல இயற்பியல், வேதியியல், உயிரியல் வேணும். நம்ம தங்கச்சி எடுத்தது காமர்ஸ். ஆனா ஜி.என்.எம்.முக்கு இந்திய நர்ஸிங் கவுன்சில் விதிப்படி எந்த குரூப்பும் ஓகே. இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு வருஷமும் நாற்பத்தஞ்சாயிரமும் மிச்சம். படிச்சு முடிச்சு மாநில நர்ஸிங் கவுன்சில்ல பதிவு பண்ணணும். அந்த நம்பர் இல்லாம என்ன சர்டிபிகேட் வெச்சிருந்தாலும் பிரேம் போட்டு மாட்டத்தான் ஆகும்.

ஏன் இவ்வளவு வருஷம்? ஊசி போடக் கத்துக்க மூணு வருஷமான்னு நானே நெனச்சவன்தான். படிப்புல பாதிக்கு மேல வார்டுலதான் ஓடுது. அறுவை சிகிச்சை அரங்கு, குழந்தைகள் வார்டு, மனநலம், பிரசவ வார்டுன்னு சுத்தி வரணும். இத்தனை பிரசவம் தானே பார்த்தேன்னு கேஸ் புக்ல எழுதிக் கையெழுத்து வாங்கணும். அதனாலதான் நர்ஸிங் காலேஜ் ஆரம்பிக்கணும்னா குறைஞ்சது 100 படுக்கை உள்ள சொந்த ஆஸ்பத்திரி வேணும்னு கவுன்சில் கேக்குது. சென்னை பெரியாஸ்பத்திரியில 1871லயே நர்ஸ் பயிற்சி ஆரம்பிச்சாச்சு. வேலூர் சி.எம்.சி.யில 1946லயே பட்டப்படிப்பு வந்தாச்சு. அப்பேர்ப்பட்ட படிப்பை நம்ம ஊர்ல ஜெராக்ஸ் கடை மாடியில ஒரு வருஷத்துல முடிச்சுக் குடுக்கறாங்க!

சரி, ஒழுங்கா படிச்சாச்சு, டிமாண்டும் இருக்கு. சம்பளம்? இங்கதான் எனக்குக் கோபம் வருது. 2015ல மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வெச்சு ஆயிரக்கணக்கான நர்ஸுகளை ஒப்பந்தத்துல எடுத்தது. தொகுப்பூதியம் மாசம் 7,700 ரூபாய். அவங்கதான் 2017 நவம்பர்ல சென்னை டி.எம்.எஸ். வளாகத்துல உக்காந்து போராடினாங்க. அரசாங்கமே இப்படின்னா தனியாரைக் கேக்கவே வேணாம். சுப்ரீம் கோர்ட் 2016ல சொன்னதுக்கப்புறம் மத்திய அரசு போட்ட கமிட்டி, 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியில கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாதுன்னு பரிந்துரை பண்ணுச்சு. கேரளாவுல நர்ஸுகள் தெருவுல இறங்கி, 2018ல அந்தத் தொகையை அடிப்படையா வெச்சு குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கை வாங்கினாங்க. பரிந்துரை தானா சம்பளமா மாறாதுங்கறதுக்கு வேற உதாரணம் தேவையில்ல.

அதனாலதான் எல்லாரும் பிளேன் ஏறப் பாக்கறாங்க. அதுவும் சும்மா இல்ல. இங்கிலாந்துக்கு ஆங்கிலத் தேர்வும் அவங்க நர்ஸிங் கவுன்சிலோட தேர்வும். அமெரிக்காவுக்கு என்க்லெக்ஸ். ஜெர்மனியில பதிவு பெற்ற நர்ஸா வேலை பார்க்க ஜெர்மன் மொழியில பி2 நிலை. எல்லாத்துக்கும் அடிப்படை அதே கவுன்சில் பதிவுதான். 'ஒரு வருட கோர்ஸ், உடனே வெளிநாடு'ன்னு போர்டு வெச்சவங்க இதைச் சொல்லவே இல்ல.

என் கருத்து இதுதான். டிமாண்டு இருக்குங்கற ஒரு வார்த்தைய வெச்சு யாரையும் எதுலயும் சேர்த்து விடாதீங்க. எங்க ஆள் பற்றாக்குறையோ அங்கதான் போலி கோர்ஸும் முளைக்கும். யாராவது கேட்டா மூணு கேள்வி திருப்பிக் கேளுங்க. கவுன்சில் அங்கீகாரம் இருக்கா? சொந்த ஆஸ்பத்திரி எத்தனை படுக்கை? போன வருஷம் முடிச்சவங்க இப்போ எங்க, என்ன சம்பளத்துல இருக்காங்க? மூணாவது கேள்விக்கு ஆபீஸ் ரூம்ல பதில் கிடைக்காது. வாசல்ல நிக்கிற சீனியர் அக்காகிட்ட கிடைக்கும்.

தங்கச்சி இந்த வருஷம் ஜி.என்.எம். விண்ணப்பிக்கிறா. காலேஜ் பேரை கவுன்சில் பட்டியல்ல நானே தேடிப் பார்த்துட்டேன். முதல் வருஷ பீஸ் என்னோடது. சித்தப்பா வேணாம்னுதான் சொன்னார். "இருக்கட்டும் சித்தப்பா, அது என் தப்புக்கு"ன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "சாப்பிட்டியாய்யா?"ன்னார்.

டிஸ்கி: உங்க வீட்டுல, தெருவுல நர்ஸ் யாராவது இருந்தா அவங்ககிட்ட பேசிட்டு ஒரு பதிவு போடுங்க. நம்மள மாதிரி பொட்டி தட்டறவங்க சொல்றதவிட அது உருப்படியா இருக்கும் :-)