வீடியோ பார்த்துப் படிச்சா வீடியோன்னே எழுதுங்க

ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதுற சீசன் வந்தாச்சு. உங்க ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கத்துல இருக்குற ரெஃபரன்ஸ் லிஸ்ட்டை ஒரு தடவை பாருங்க. வரிசையா புத்தகமும் ஜர்னல் பேப்பரும்தான் இருக்கும். அதுல எத்தனையை நீங்க திறந்து பார்த்தீங்க? பாடம் புரிஞ்சது என்னவோ என்பிடெல் வகுப்பிலும் யூடியூபிலும்தான். ஆனா அது மட்டும் லிஸ்ட்டில் இருக்காது. கேட்டா, "வீடியோ போட்டா கைடு ஒத்துக்க மாட்டார் மச்சி" என்பார்கள்.

வீடியோவும் ஒரு ஆதாரம்தான். சில நேரம் அதுதான் முக்கிய ஆதாரமே.

டகோமா நாரோஸ் பாலம் ஞாபகம் இருக்கா? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1940 நவம்பர் 7 அன்று காற்றில் முறுக்கிக்கொண்டு ஆடி விழுந்த பாலம். வைப்ரேஷன் வகுப்பில் அந்த வீடியோவைப் போடாத ஆசிரியர் குறைவு. அதைப் பார்த்து, பாலம் நிமிடத்துக்கு எத்தனை முறை ஆடுதுன்னு எண்ணினால் சுமார் 18 வரும். நேரில் பார்த்தவர்கள் பதிவு செய்தது 12. ஏன் இந்த வித்தியாசம்? வினாடிக்கு 16 பிரேமில் எடுத்த காட்சிகளைப் பிற்பாடு 24 பிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டார்கள். எல்லாமே ஒன்றரை மடங்கு வேகமாகத் தெரியுது. இது 2015-ல்தான் ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

இப்போ யோசிங்க. ஒருத்தர் அந்த வீடியோவிலிருந்து ஃப்ரீக்வென்ஸியைக் கணக்கிட்டுவிட்டு, ரெஃபரன்ஸில் ஒரு டெக்ஸ்ட்புக் பெயரைப் போட்டால், தப்பு எங்கிருந்து வந்ததுன்னு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எந்த வீடியோ, எந்த நிமிடம்னு எழுதியிருந்தால் அடுத்தவர் அஞ்சு நிமிஷத்தில் சரிபார்த்துவிடுவார். ரெஃபரன்ஸ் இருப்பது அதுக்குத்தான், பக்கத்தை நிரப்ப இல்லை.

எப்படி எழுதுவதுன்னு குழப்பமே வேண்டாம். ஐஇஇஇ முறையில் ஆன்லைன் வீடியோவுக்குத் தனி வடிவமே இருக்கு: வெளியிட்டவர், தலைப்பு, வெளியான தேதி, நீங்க பார்த்த தேதி, லிங்க். ஏபிஏ முறையில் எந்த நிமிடம், எந்த நொடி என்பதைக்கூடக் கட்டுரைக்குள் குறிப்பிடலாம். வீடியோ நாளைக்கே டெலிட் ஆகலாம். அதனால் பார்த்த தேதியை விட்டுடாதீங்க.

"கண்ட யூடியூபரையும் ஆதாரமா போடலாமா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. அந்த வீடியோ ஒரு பேப்பரைச் சொன்னால், போய் அந்தப் பேப்பரைப் படிங்க, அதைப் போடுங்க. எதையும் சொல்லாமல் அடித்துவிடும் வீடியோவா? அப்போ அதை உங்க டிசைனில் பயன்படுத்தியதே பிரச்சனை. அதை மறைத்துவிட்டால் அந்த டிசைன் சரியாகிவிடாது.

கைடு கேட்டால் தைரியமா சொல்லுங்க: "சார், இதைத்தான் பார்த்தேன், இந்த நிமிஷத்துல இருக்கு." திறக்காத புத்தகத்தைப் பற்றி வைவாவில் ஒரு கேள்வி வந்தால், அதுக்கு உங்ககிட்ட என்ன பதில் இருக்கு?